ஜெபல் ஹஃபீத் ஏத்தத்திலை முதுகிலை வைச்ச கை

ஸ்கொட்லாந்து ஏத்தம் கூடக் கஷ்டமோ, இஞ்சத்தை ஜெபல் ஹஃபீத் கூடக் கஷ்டமோ எண்டு கேட்டனீங்கள், தங்கச்சி. சைக்கிள் வாங்கி ஒரு மாசம் ஆகேல்லை, அதுக்குள்ளை மலையளை ஒப்பிட்டுப் பாக்க வெளிக்கிட்டிட்டியள், நல்லது. சொல்லுறன். ஆனா ஹஃபீத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நான் இன்னொண்டையும் சேத்துத்தான் சொல்லவேணும், அதைக் கேட்டுப்போட்டு மனிசிக்கு வெயில் தலைக்கேறிட்டுது எண்டு நினைப்பியள். நினையுங்கோ. எங்கடை இவரே அப்பிடித்தான் நினைக்கிறார்.

முதல்லை ஒண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ, நான் உந்தப் பேய்க் கதையளுக்குக் காது குடுக்கிற ஆள் இல்லை. அஜ்மானிலை நாங்கள் இருக்கிற வீட்டிலை முந்தி இருந்த குடும்பம், பின் அறையிலை ஆரோ நடக்கிற சத்தம் கேக்குது எண்டு சொல்லிப்போட்டு அரைவாசியிலை விட்டிட்டுப் போனதாம். வாட்ச்மேன்தான் சொன்னவர், அதுவும் அந்த அறைக்குள்ளை வராமல் வாசல்லை நிண்டு. நான் அந்த அறையைத்தான் படுக்கைக்கு எடுத்தனான். ரெண்டாம் நாள் சத்தம் கேட்டது, எழும்பி லைற்றைப் போட்டுப் பாத்தால் ஏசிக்குள்ளை ஒரு ஆணி கழண்டு கிடந்து ஆடுது. ஆளைக் கூப்பிட்டுத் திருத்தினன், சத்தமும் இல்லை, வாடகையும் குறைவு. எனக்கு எல்லாத்துக்கும் ஒரு ஆணி இருக்கும் எண்டுதான் நினைப்பு. ஹஃபீத்திலை மட்டும்தான் இண்டுவரைக்கும் அந்த ஆணியைக் கண்டுபிடிக்கேல்லை.

நான் ஏன் மலை ஏற வெளிக்கிட்டன் எண்டதையும் சொல்லவேணும், இல்லாட்டி நான் அண்டைக்குச் செய்த விசர் வேலை உங்களுக்கு விளங்காது. எனக்கு இடது தொடையிலை கம்பி கிடக்குது. வேலைக்குப் போகேக்கை ஷார்ஜாவிலை பஸ்ஸாலை இறங்கி, படியிலை சறுக்கி, எலும்பு ரெண்டாப் போட்டுது. ஒபரேஷன் முடிஞ்சு, பொல்லுப் பிடிச்சு நடந்து, பொல்லையும் விட்டு, டொக்டரும் இனிப் பயமில்லை எண்டு சொல்லிப்போட்டார். ஆனா சனம் விடுகுதில்லை. ஒஃபிஸிலை லிஃப்டுக்கை ஏறேக்கை ஒருத்தி முழங்கையைப் பிடிப்பாள். கோயிலுக்குப் போனால் கதிரை கொண்டந்து வைப்பினம். எங்கடை இவர் ஒரு தண்ணிப் போத்தலைத் தூக்க விடமாட்டார். எல்லாம் அன்பாலைதான், எனக்குத் தெரியும். ஆனா தங்கச்சி, எந்த நேரமும் ஆற்றையோ கை எங்கடை உடம்பிலை இருந்தால் ஒரு நாளைக்கு எரிச்சல் வரும். எனக்கு எரிச்சல் இல்லை, கோவமே வந்தது. அழுகையும் வந்தது, பாத்ரூமுக்கை நிண்டு அழுதனான்.

பிசியோ பிள்ளைதான் சைக்கிள் ஓடச்சொன்னவள், தொடைச் சதை பலக்கும் எண்டு. சைக்கிள் எங்களுக்குப் புதிசே? யாழ்ப்பாணத்திலை பிறந்தவைக்குச் சைக்கிள்தானே கால். ஆனா எங்களுக்கு ஏத்தம் தெரியாது. எங்கடை ஊரிலை ஆகப் பெரிய மலை மதகுதான், அதுக்கே இறங்கி உருட்டுவம்.

அப்பிடித்தான் நான் சிவநேசன் அண்ணையின்ரை சைக்கிள் குறூப்பிலை சேந்தனான். அண்ணை எங்கடை ஊர்தான், கனகாலம் அபர்டீனிலை இருந்துபோட்டு இப்ப அபுதாபியிலை வேலை. வயசு அறுபது கிட்ட, உடம்பு வாழைத்தண்டு, வாய் மட்டும் பெருசு. இஞ்சை ஆரும் ஒரு மலை ஏறி இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு நிண்டால், "உது ஏத்தமே? பியாலக் நா பாவிலை வந்து ஏறிப் பாரும்" எண்டுவார். அது ஸ்கொட்லாந்திலை ஒரு மலைக் கணவாய், கடல் மட்டத்திலை தொடங்கி நேரை முகிலுக்குள்ளை போற ஒற்றை றோட்டு. லெக்ட் எண்டு இன்னொண்டு, அதுக்குக் கெட்ட வார்த்தை ஒண்டும் சேத்துத்தான் பேர் சொல்லுவார். நாங்கள் எல்லாரும் இஞ்சை உள்ள ஜெபல் ஜைஸைப் பெரிய மலை எண்டு நினைச்சுக்கொண்டிருக்க, அவர் ஜைஸை "படுக்கை" எண்டுவார், படுத்துக்கொண்டே ஏறலாமாம்.

அதுவும் முழுப்பிழை இல்லை. ஜைஸ் நீளம், ஆனா நல்ல பிள்ளை. ஒரே அளவான சாய்வு, ஒரு கியரைப் போட்டால் அப்பிடியே பொறுமையா உழக்கிக்கொண்டு போகலாம், அலுப்புத்தான் ஆளைக் கொல்லும். ஹத்தாப் பக்கம் கட்டை ஏத்தங்கள், முகத்திலை அடிச்சுப்போட்டு ஓடிப்போயிடும். ஹஃபீத் அப்பிடி இல்லை. மூண்டு பாதை அகலத்துக்கு வழுவழு எண்டு றோட்டுப் போட்டு வைச்சிருக்கினம், பாத்தால் ஏத்தம் எண்டே தெரியாது, அந்த அகலம் கண்ணை ஏமாத்தும். சமதரையிலை போறன், ஏன் என்ரை கால் வேலை செய்யுதில்லை, சில்லிலை காத்துப் போட்டுதோ எண்டு குனிஞ்சு பாப்பியள். எல்லாரும் ஒருக்கா எண்டாலும் குனிஞ்சு பாப்பினம்.

அந்த வருசம் அண்ணை ஒரு திட்டம் போட்டார், கோடையிலை ஆறு பேர் ஸ்கொட்லாந்து போய் ஒரு கிழமை அந்த மலையளை ஏறுறது. அதுக்குப் பரீட்சை ஹஃபீத். சட்டம் ரெண்டு. அடியிலை இருந்து நுனி மட்டும் கால் ஊண்டக்கூடாது. ஆரும் தள்ளக்கூடாது.

ரெண்டாவது சட்டம் எங்கடை சனத்துக்கெண்டே போட்டது. சோளகக் காத்துக் காலத்திலை எதிர்க்காத்துக்கு உழக்கேலாமல் ஒருத்தர் திணறினால், பக்கத்திலை வாற ஆள் ஒரு கையாலை தன்ரை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையை அவற்றை முதுகிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு போறது எங்கடை ஊர் வழக்கம். தமையன் தங்கச்சியைத் தள்ளுவான், பெடியள் ஆளை ஆள் தள்ளுவாங்கள், கேட்டுக் கேள்வி இல்லை. அந்தப் பழக்கத்திலை ஜைஸ் ஏறேக்கையும் எங்கடை ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் தள்ளி, கடைசியிலை ஆர் ஏறினது ஆர் ஏத்தினது எண்டே தெரியாமல் போட்டுது. அண்ணைக்குக் கோவம் வந்திட்டுது. "ஸ்கொட்லாந்திலை ஒற்றை றோட்டு, பக்கத்திலை நிண்டு தள்ளினால் ரெண்டுபேரும் பள்ளத்துக்கை" எண்டார்.

எனக்கு அவர் வேறை இடம் வைச்சிருந்தவர். "வசந்தி, நீரும் வாரும். வான் ஒண்டு எடுக்கிறம், அதிலை இருந்து சாண்ட்விச் செய்து தந்தால் எங்களுக்குப் பெரிய உதவி." எங்கடை இவருக்குச் சரியான சந்தோசம். எனக்கு இல்லை. நான் சொன்னன், "அண்ணை, நானும் ஹஃபீத் ஏறுறன். ஏறினால் சைக்கிளோடை வருவன். ஏறாட்டி வானிலை வந்து உங்களுக்குப் பாண் வெட்டித் தாறன்." எல்லாரும் சிரிச்சவை. நான் சிரிக்கேல்லை.

நோன்பு மாசம் அது. ஒஃபிஸ் வெள்ளன முடியிறபடியாலை மத்தியானமே ஹஃபீத் இருக்கிற அல் ஐனுக்கு வெளிக்கிட்டம். அண்ணை காரிலை பின்னாலை வந்து நடுவர் வேலை பாக்கிறது. அண்டைக்கு என்னோடை பரீட்சைக்கு வந்தது செல்வம் மட்டும்தான். செல்வம் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்திலை வளந்த பிள்ளை, துபாயிலை ஒரு கொம்பனியிலை டிறைவர். அவனுக்கு மலை ஒரு பொருட்டே இல்லை. "அக்கா, எங்க ஸ்கூலே மலை உச்சியிலதான், புத்தகப் பையோட ஓடி ஏறுவோம். நான் மேல போயி டீ வாங்கி வச்சிருக்கேன், நீங்க மெதுவா வாங்க" எண்டு சொல்லிப்போட்டு முதல் வளைவிலையே காணாமல் போட்டான்.

நான் ஏறத் தொடங்கினன். வெயில் சாய்ஞ்சிட்டுது, ஆனா கல்லுக்குள்ளை இருந்த சூடு இன்னும் வெளியிலை வருது. நோன்பு திறக்க முதல் உடம்பை அசைக்க வந்த அரபுப் பெடியள் நாலைஞ்சு பேர் ஏற்கெனவே ஏறி முடிச்சு இறங்கினவை, என்னைக் கண்டு "யல்லா, யல்லா!" எண்டு கத்தி ஏறச்சொன்னவை, எனக்கு உசார் வந்தது. முதல் பகுதி பரவாயில்லை. பேந்து அந்த ஏமாத்துற அகலம் தொடங்கினது. ஆகச் சின்ன கியருக்கு வந்திட்டன், அதுக்குக் கீழை குறைக்க ஒண்டும் இல்லை. கம்பி கிடக்கிற தொடை எரியத் தொடங்கினது. அண்ணையின்ரை கார் ஒரு வளைவு பின்னாலை, விளக்கு மினுங்க மினுங்க ஆறுதலா வருது. பாதிக்குக் கிட்ட ஒரு நீட்டு ஏத்தம், அங்கைதான் நான் நினைச்சன், சரி, இவ்வளவுதான் போல கிடக்கு, வானிலை இருந்து பாண் வெட்டுவம் எண்டு. கால் ஊண்டப் போறன், இடது குதிக்காலைத் திருப்பி, பெடலிலை கொழுவியிருக்கிற சப்பாத்தைக் கழட்டப் போறன்.

அந்த நேரம் முதுகிலை ஒரு கை வந்து இருந்தது.

நம்பினால் நம்புங்கோ, நம்பாட்டி விடுங்கோ. இடுப்பு நாரிக்குக் கொஞ்சம் மேலை, நடுவிலை, முழு உள்ளங்கை. அஞ்சு விரலும் எனக்கு வடிவாத் தெரியுது. சைக்கிள் இலேசாப் போட்டுது. நான் முதல்லை நினைச்சது செல்வம் திரும்பி வந்திட்டான் எண்டுதான், "தம்பி, சட்டம் தெரியுந்தானே" எண்டு சொல்லிக்கொண்டு திரும்பிப் பாக்கிறன், ஒருத்தரும் இல்லை. றோட்டு வெறுமை. அண்ணையின்ரை கார் தூரத்திலை. ஆனா கை இருக்குது.

எனக்குப் பயம் வரேல்லை, உண்மையைச் சொல்லுறன், முதல்லை வந்தது கணக்குத்தான். பின்காத்தா இருக்கும் எண்டு நினைச்சன். சரி, சோதிப்பம். உழக்கிறதை நிப்பாட்டினன். அந்தச் சாய்விலை உழக்காட்டி ஒரு மூச்சுக்குள்ளை சைக்கிள் நிண்டு சரிஞ்சு விழவேணும். நிக்கேல்லை, தங்கச்சி. காலை அப்பிடியே வைச்சுக்கொண்டு நான் சும்மா இருக்கிறன், சைக்கிள் மேலை போகுது. ஒரு விளக்குக் கம்பம் தாண்டினது, அடுத்ததும் தாண்டினது. அப்பதான் எனக்கு மயிர் எல்லாம் எழும்பினது.

நீங்கள் எண்டால் கத்தியிருப்பியள். கும்பிட்டிருப்பியள். நானும் கத்தியிருக்கலாம். ஆனா அந்த நேரம் என்ரை மனசிலை வந்தது லிஃப்டுக்கை முழங்கையைப் பிடிக்கிறவள், கதிரை கொண்டாறவை, தண்ணிப் போத்தலைப் பறிக்கிற மனிசன். போதாததுக்கு இப்ப இதுவும். ஒரு மலையிலை, ஒரு மனிசரும் இல்லாத இடத்திலைகூட என்னை ஒருத்தரும் தனிய விடமாட்டினமோ எண்டு எனக்கு வந்த கோவத்திலை, மரியாதையாத்தான் சொன்னன், ஆனா நல்லாக் கத்திச் சொன்னன்: "கையை எடுங்கோ!"

எடுத்திட்டுது. எடுத்த உடனை சைக்கிள் கல்லாப் போச்சு, நான் எழும்பி நிண்டு மிதிச்சு, ஆடி ஆடி, எப்பிடியோ விழாமல் பிடிச்சிட்டன். கால் ஊண்டேல்லை. இனி மேலைதான், போகலாம். போயிருந்தால் ஒருத்தருக்கும் தெரியாது, அண்ணை தள்ளின ஒருத்தரையும் காணேல்லை, நானும் பாஸ்.

ஆனா தள்ளுப்பட்டிட்டனே.

நான் சைக்கிளைத் திருப்பினன். றோட்டு அகலம் எண்டபடியாலை கால் ஊண்டாமலே திருப்பலாம். கீழை வந்த என்னைக் கண்டு அண்ணை காரை நிப்பாட்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன பிள்ளை, முடியேல்லையே? பரவாயில்லை, இவ்வளவு வந்ததே பெரிய விசயம்."

"முடியும் அண்ணை. தள்ளுப்பட்டிட்டன். முதல்லை இருந்து வாறன்."

"ஆர் தள்ளினது?"

"காத்து" எண்டன்.

"விசரே உமக்கு? காத்துத் தள்ளினால் அது தள்ளினதே? இஞ்சை ஒரு இலைகூட ஆடேல்லை! இருளப் போகுது, வசந்தி, ஏறும், காருக்கை ஏறும்."

நான் நிக்கேல்லை, இறங்கிக்கொண்டே இருந்தனான். அடியிலை சுடுதண்ணி ஊத்துப் பூங்கா மட்டும் போய், முதல் ஏத்தம் தொடங்கிற இடத்திலை காலை ஊண்டி, ரெண்டு மடக்குத் தண்ணி குடிச்சு, திரும்பவும் தொடங்கினன். என்ரை வாழ்க்கையிலை நான் செய்த ஆகப் பெரிய மடைவேலை அதுதான், ஆனா அதைச் செய்யேக்கை எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, அதைச் சொல்லி விளங்கப்படுத்தேலாது. ஒருத்தரும் என்னை அப்பிடிச் செய்யச் சொல்லேல்லை. நானாச் செய்தன்.

நோன்பு திறக்க நேரம் கிட்டிட்டுது, மலையிலை நிண்ட காரெல்லாம் இறங்கிப் போகுது. ஒரு பெடியன் காரை நிறுத்தாமல் தலையை வெளியிலை நீட்டி, "ஹலாஸ், மெடம்! இஃப்தார்!" எண்டு கத்திப்போட்டுப் போனான், போதும் இறங்கு எண்டு. நான் கையைக் காட்டிப்போட்டு உழக்கினன். பேந்து ஒரு காரும் இல்லை. விளக்குக் கம்பங்கள் எல்லாம் ஒண்டாய்ப் பத்தினது. கொஞ்ச நேரத்திலை கீழை ஊரிலை இருந்து பாங்கு கேக்குது, ஒரு பள்ளிவாசல் தொடங்க, மற்றது தொடங்க, எல்லாம் கலந்து மலைக்கு ஏறி வருது. அவ்வளவு பெரிய றோட்டிலை நானும், பின்னாலை அண்ணையின்ரை காரும்தான்.

அந்த நீட்டு ஏத்தம் வந்தது. நான் முதுகை இறுக்கி வைச்சுக்கொண்டு காத்திருந்தனான், வந்தால் இந்தமுறை இன்னும் பலமாக் கத்துறது எண்டு. கை வரேல்லை.

சத்தம்தான் வந்தது. என்ரை இடப்பக்கம், கை நீட்டினால் தொடுற தூரத்திலை, எண்ணெய் காணாத செயின் ஒண்டு கிரீச் கிரீச் எண்டு. கூடவே மூச்சு. திரும்பிப் பாத்தன், வெறும் றோட்டு, வெள்ளைக் கோடு. முன்னாலை பாத்தன், திரும்பவும் செயின். நான் கெதியாக்கினால் அதுவும் கெதியாகுது, ஆறுதலானால் அதுவும் அப்பிடி. இந்தமுறை தொடேல்லை. நான் சொன்னதைக் கேட்டு, தள்ளி நிண்டு, கூட வருகுது எண்டு எனக்கு விளங்கினது. எனக்கு அழுகை வந்தது, ஏன் எண்டு இப்பவும் தெரியாது.

அப்பிடியே வளைஞ்சு வளைஞ்சு போனம். போனம் எண்டுதான் வருகுது வாயிலை, பாருங்கோ. மலையிலை இருக்கிற ஹோட்டலைத் தாண்டி, கடைசி ஏத்தம். அதுதான் ஆளை முறிக்கிற இடம், நுனி கண்ணுக்குத் தெரியும், கிட்ட வராது. என்ரை தொடை நடுங்குது, ஆனா எனக்குள்ளை ஏதோ ஒண்டு இறுகிப்போட்டுது, செத்தாலும் ஊண்டமாட்டன் எண்டு. அப்ப பக்கத்திலை அந்த மூச்சு மாறினது. எனக்கு அந்த மூச்சுத் தெரியும், தங்கச்சி, கொஞ்சநேரத்துக்கு முதல் நானே விட்ட மூச்சு. கால் ஊண்டப் போறவையின்ரை மூச்சு. செயின் சத்தம் விட்டு விட்டு வருகுது, பின்னுக்குப் போகுது.

நான் யோசிக்கேல்லை. சத்தியமா யோசிக்கேல்லை. இடது கையை விட்டிட்டு, பக்கத்திலை நீட்டி, வைச்சன்.

அங்கை ஒரு முதுகு இருந்தது.

நனைஞ்ச பருத்திச் சட்டை. ஒடுங்கின முதுகு, நடு எலும்பு என்ரை உள்ளங்கையிலை அமருது. பாத்தால் வெறும் காத்து, என்ரை கை காத்துக்குள்ளை நீட்டிக்கொண்டு கிடக்குது, ஆனா கையிலை பாரம். தள்ளினன். ஒற்றைக் கையாலை ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டு, ரெண்டு பேற்றை பாரத்தையும் அந்தக் கம்பிக் காலாலை உழக்கினன். "விடாதை, விடாதை, வந்திட்டுது" எண்டு வாய்விட்டுச் சொன்னன். எவ்வளவு நேரம் எண்டு கேக்காதையுங்கோ. மேலை கார்கள் விடுற வெளி வந்தது, தரை சமதரையானது, கையிலை இருந்த பாரம் என்னை விட்டிட்டு முன்னுக்குப் போனது. போன திசையிலை செயின் சத்தம் கொஞ்சம் கேட்டு நிண்டிட்டுது.

செல்வம் ரெண்டு கப் டீயோடை நிண்டவன், ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. அவன் என்னை வாழ்த்தேல்லை. முகத்தைப் பாத்துப்போட்டு, "அக்கா, யார தள்ளிக்கிட்டு வந்தீங்க?" எண்டான். "லைட்டு வெளிச்சத்துல நல்லா தெரிஞ்சிச்சு, கைய நீட்டித் தள்ளிக்கிட்டே வாறீங்க. பக்கத்துல ஆளு இல்ல."

அண்ணை காராலை இறங்கி வந்து வேறை கதை சொன்னார். "நீர் இடப்பக்கம் கையைக் காட்டினனீர் எல்லே, நான் நினைச்சன் திரும்பவும் கீழை போகப் போறீர் எண்டு! எனக்கு நெஞ்சு விறைச்சுப் போச்சு. இனியொருக்கா இறங்கினால் நான் உம்மை விட்டிட்டு அபுதாபிக்குப் போயிருப்பன்." பேந்து என்ரை ஹெல்மெற்றிலை ஒரு தட்டுத் தட்டினார். "கால் ஊண்டேல்லை. ஒருத்தரும் தள்ளேல்லை. வானுக்கு வேறை ஆளைப் பிடிக்கவேணும்."

நான் அண்டைக்கு அவையிட்டை ஒண்டும் சொல்லேல்லை. செல்வத்துக்குப் பிறகு ஒருநாள் சொன்னன், அவன் பகிடி பண்ணேல்லை. பேந்து நானே போய் விசாரிச்சுப் பாத்தன், அந்த மலையிலை ஆரும் சைக்கிள்காரர் செத்துப் போச்சினமோ எண்டு. எனக்கு ஆணி வேணுமே. மேலை தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கிற மலையாளி, பூங்காவிலை வேலை செய்யிற பாகிஸ்தான் பாய், ஒருத்தருக்கும் அப்பிடி ஒரு கதை தெரியாது. பாய் சிரிச்சுப்போட்டு, "மாஃபி, பெஹன், மாஃபி", இல்லைச் சகோதரி இல்லை எண்டிட்டு, தண்ணிக் குழாயைத் திருப்பப் போயிட்டார்.

கோடைக்கு ஸ்கொட்லாந்து போனம், நான் என்ரை சைக்கிளோடை. இப்ப உங்கடை கேள்விக்கு வாறன். பியாலக் நா பா நேர்மையான மலை. கீழையே பலகை வைச்சிருக்கிறாங்கள், பழகாதவை இதிலை வாகனம் ஓடாதையுங்கோ எண்டு. கடல் கரையிலை தொடங்கும், மழை பக்கவாட்டிலை அடிக்கும், செம்மறி ஆடு நடு றோட்டிலை நிண்டு முகத்தைப் பாக்கும், கடைசியிலை ஊசி வளைவுகளிலை சில்லு எழும்பும், ஆனா என்ன செய்யப் போகுது எண்டு மலை முதல்லையே சொல்லிப்போட்டுத்தான் செய்யும். லெக்ட் சுவர்தான், கட்டை, ஆனா அங்கை எனக்குக் கண்ணீர் வந்தது, அண்ணை சொன்ன கெட்ட வார்த்தையை நானும் சொன்னனான். சாய்வைப் பாத்தால் அவை ரெண்டும் ஹஃபீத்தை விடக் கஷ்டம், அதிலை ஐமிச்சம் இல்லை. ஹஃபீத் வெக்கையாலையும் ஏமாத்தாலையும் வெல்லும், அங்கை குளிராலையும் கோணத்தாலையும். ரெண்டிலையும் நான் கால் ஊண்டேல்லை. அங்கை எனக்குப் பக்கத்திலை ஒண்டும் வரேல்லை, காது குடுத்துக்கொண்டுதான் ஏறினனான், மழையும் என்ரை மூச்சும்தான்.

அதுக்குப் பிறகு வீட்டிலை ஒருத்தரும் போத்தலைப் பறிக்கிறேல்லை. எங்கடை இவர் கடைக்குப் போனால் அரிசிப் பையை என்ரை கையிலைதான் தாறார், எனக்குச் சிலநேரம் நாரி முறியுது, வாய் திறக்க மாட்டன்.

ஆனா ஒண்டு இண்டைக்கும் என்னை நித்திரை கொள்ள விடுகுதில்லை. என்னைத் தள்ளின கையைப் பற்றி இல்லை, அதை விடுங்கோ. நான் தள்ளின முதுகு. அது சூடா இருந்தது, தங்கச்சி. ஏத்தம் ஏறின உடம்பின்ரை சூடு, உள்ளை நெஞ்சு அடிக்கிறது சட்டைக்கு மேலாலை என்ரை விரலுக்குத் தெரியுது. செத்த ஆளுக்கு நெஞ்சு அடிக்குமே? அப்ப அந்த நேரம், எங்கையோ ஒரு மலையிலை, உயிரோடை ஒரு ஆள் ஏறிக்கொண்டிருந்திருக்கு. முடியாமல் போற நேரம் அந்த ஆளின்ரை முதுகிலை ஒரு கை வந்து இருந்திருக்கு. திரும்பிப் பாத்திருக்கும், ஒருத்தரும் இல்லை. அந்தக் கை என்ரை.

நான் கேக்கவும் இல்லை, தள்ளட்டோ எண்டு. எனக்குச் செய்தால் கத்துறன், நான் மட்டும் செய்திட்டன். கையை எடு எண்டு அது சொல்லுமோ எண்டு கடைசி மட்டும் காத்திருந்தனான், சொன்னால் எடுத்திருப்பன். அது சொல்லேல்லை. தள்ளுப்பட்டுப் பழகின எங்கடை சனம் செய்யிறமாதிரி, முதுகை மெல்லமாப் பின்னுக்குத் தந்து, என்ரை கையிலை சாய்ஞ்சது.